"தொழில்நுட்பக் காரணம்" என்றொரு சாக்கு: கொலை வழக்குகளும் சூழ்நிலைச் சான்றும்

சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். உடன்படாதவர்கள் மறுத்தெழுதவும் வேண்டுகிறேன்.

கொலை வழக்கொன்றில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை நீக்கி ஒருவரை விடுதலை செய்யும்போதெல்லாம், நம் கல்விப்புல நண்பர்களின் பக்கங்களில் ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகின்றது: "தொழில்நுட்பக் காரணங்களால் குற்றவாளி தப்பிவிட்டான்." அண்மையில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையிலும் இதைக் கேட்டேன். "நேரில் பார்த்தவர் இல்லையென்றால் கொலைகாரனுக்குக் கொண்டாட்டம்தான். சூழ்நிலைச் சான்றை வைத்துக்கொண்டு நம் நாட்டில் எதையும் நிறுவ முடியாது" என்றார் நான் மதிக்கும் பேராசிரியர் ஒருவர். சுற்றி நின்ற ஆய்வு மாணவர்கள் தலையசைத்தார்கள். நானும் அங்கே வாய் திறக்கவில்லை. அதற்கான பரிகாரமே இப்பதிவு.

என் வாதம் இதுதான். சூழ்நிலைச் சான்றைக் கொண்டு கொலையை நிறுவ முடியும். இந்திய நீதிமன்றங்கள் நிறுவியும் இருக்கின்றன. அவ்வாறு நிறுவ முடியாமல் போகும் வழக்குகளில், "தொழில்நுட்பக் காரணம்" என்று நாம் ஏளனமாகச் சொல்வது பெரும்பாலும் சான்றே இல்லாமையைத்தான். முத்திரை உடைந்த உறையும், எழுதப்படாத வாக்குமூலமும், விசாரிக்கப்படாத சாட்சியும் வழக்கின் புறத்தே நிற்கும் சடங்குகள் அல்ல. சூழ்நிலைச் சான்றை நம்பி நடக்கும் வழக்கில் அவையே வழக்கு.

முதலில், நிறுவ முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1996 ஜனவரியில் தில்லிப் பல்கலைக்கழகச் சட்ட மாணவி ஒருவர் தாம் தங்கியிருந்த வீட்டில் கொல்லப்பட்டார். கொலையைக் கண்டவர் எவருமில்லை. குற்றஞ்சாட்டப்பட்டவர் காவல்துறை உயரதிகாரி ஒருவரின் மகன். 1999-இல் விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. இவரே செய்தார் என்று தாம் அறிந்திருந்தும் விடுவிக்க நேர்வதாக நீதிபதி தீர்ப்பில் எழுதினார். 2006-இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தலைகீழாக்கியது. அவர் தன்னைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதாக மாணவி முன்பே காவல் நிலையத்தில் கொடுத்திருந்த புகார்கள், அன்று அவர் அந்த வீட்டு வாயிலில் காணப்பட்டமை, அவர் கையில் இருந்த காயம், உடைந்த தலைக்கவசம், மரபணுச் சோதனை முடிவு ஆகிய அனைத்தும் ஒரே ஆளைச் சுட்டின. 2010-இல் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, குற்றத்தீர்ப்பு நிலைத்தது. நேரில் கண்ட சாட்சி இல்லாமலே, செல்வாக்குள்ள ஒருவருக்கு எதிராக, கொலை நிறுவப்பட்டது.

ஆகவே "சூழ்நிலைச் சான்று இரண்டாந்தரமானது" என்னும் எண்ணத்தை விட்டுவிடலாம். அதற்கு எதிரான எண்ணமும் அதே அளவு தவறானது. "மனிதர் பொய் சொல்வர், சூழ்நிலைகள் பொய் சொல்லா" என்னும் வாசகம் நம் தீர்ப்புகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது. கேட்பதற்கு அழகாக இருக்கின்றது. ஆனால் சூழ்நிலை எந்த நீதிமன்றத்திலும் கூண்டேறிப் பேசியதில்லை. கத்தி எங்கே கிடைத்தது என்று சொல்பவர் ஒரு காவல் ஆய்வாளர். இருவரையும் ஒன்றாகக் கண்டேன் என்று சொல்பவர் ஒரு கடைக்காரர். இரத்தக் கறை யாருடையது என்று சொல்பவர் ஓர் ஆய்வக அலுவலர். சூழ்நிலை ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் வாய்வழியாகவே நீதிமன்றத்துக்குள் வருகின்றது. மனிதர் பொய் சொல்வர் என்றால், சூழ்நிலையையும் சோதித்துத்தான் ஏற்க வேண்டும்.

இதைச் சட்டம் வெகு காலத்துக்கு முன்பே உணர்ந்துவிட்டது. 1838-இல் இங்கிலாந்தில் ஒரு கொலை வழக்கை விசாரித்த நீதிபதி ஆல்டர்சன் நடுவர் குழுவினரை எச்சரித்தார்: மனித மனம் சூழ்நிலைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்ப்பதில் இன்பம் காண்பது, பொருந்தாதவற்றையும் சற்றே வளைத்துப் பொருத்திவிடும், அறிவுக்கூர்மை மிகுந்தவர்க்கு இந்த ஆபத்தும் மிகுதி. கருதுகோளுக்கு ஏற்பத் தரவைத் தேர்ந்தெடுக்கும் பிழையை ஆய்வு முறையியல் வகுப்பில் நாமும் கற்பிக்கின்றோமல்லவா, அதே எச்சரிக்கைதான் இது. நம் உச்ச நீதிமன்றம் 1952-இல் அனுமந்த் கோவிந்த் நர்குந்த்கர் வழக்கில் இதை எடுத்தாண்டே சூழ்நிலைச் சான்றுக்கான அளவுகோலை வகுத்தது. அது கொலை வழக்கன்று; மதுவடிப்பாலை ஒப்பந்தம் ஒன்றைச் சுற்றி எழுந்த போலி ஆவண வழக்கு. அங்கே பிறந்த அளவுகோலே இன்று தூக்குமேடைக்கும் விடுதலைக்கும் இடையில் நிற்கின்றது.

1984-இல் சரத் பிர்திசந்த் சர்தா வழக்கில் அந்த அளவுகோல் ஐந்து நெறிகளாக வரையறுக்கப்பட்டது. புனேயில் மணமாகிச் சில மாதங்களே ஆன பெண்ணொருவர் 1982 ஜூனில் பொட்டாசியம் சயனைடு நஞ்சால் இறந்தார். கணவருக்கு விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் விடுவித்தது. நீதிபதி பசல் அலி தீர்ப்பில் வகுத்த நெறிகளைச் சுருக்கமாகச் சொன்னால்: குற்றத்தைச் சுட்டும் ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிறுவப்பட வேண்டும், நிறுவப்பட்டவை குற்றம் என்னும் முடிவுக்கு மட்டுமே பொருந்த வேண்டும், அவை ஐயத்துக்கு இடந்தராத தன்மை உடையனவாக இருக்க வேண்டும், வேறெந்த விளக்கத்துக்கும் இடமளிக்கக் கூடாது, எல்லாம் சேர்ந்து, இவரே செய்திருக்க வேண்டும் என்று காட்டும் அறுபடாத சங்கிலியாக அமைய வேண்டும்.

இதை மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் இவ்வைந்தில் முதலாவது நெறியே எல்லாவற்றுக்கும் அடித்தளம். சங்கிலி அறுந்திருக்கின்றதா என்று பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு கண்ணியும் உண்மையான இரும்புதானா என்று பார்க்க வேண்டும். இந்தியக் கொலை வழக்குகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான். அந்தக் கண்ணிகளில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, "கடைசியாக ஒன்றாகக் காணப்பட்டனர்" என்னும் சான்று. இறந்தவரையும் குற்றஞ்சாட்டப்பட்டவரையும் ஒன்றாகக் கண்ட நேரத்துக்கும் மரண நேரத்துக்கும் இடைவெளி மிகக் குறுகியதாக இருந்தால்தான் இதற்கு வலிமை உண்டு. இடையில் வேறொருவர் வந்திருக்கலாம் என்ற வாய்ப்பு அப்போதுதான் அடைபடும். ஆகவே மரண நேரம் நம்பத்தக்க வகையில் கணிக்கப்பட்டிருக்க வேண்டும். பார்த்ததாகச் சொல்பவர் அதை உடனே சொல்லியிருக்க வேண்டும். உடல் கிடைத்துப் பல நாள் கழித்து, காவல்துறை தேடிச் சென்றபோது மட்டும் நினைவு திரும்பும் சாட்சிகளை விசாரணைத் தீர்ப்புகளில் எத்தனையோ முறை சந்திக்கிறோம்.

இரண்டாவது, கைப்பற்றல். காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது. ஆனால் அந்த வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டுபிடிப்புக்கு நேரடித் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் 23-ஆம் பிரிவின் காப்புரையாக வாழ்கின்றது. சென்னை மாகாணத்திலிருந்து இலண்டன் பிரிவிக் கவுன்சிலுக்குச் சென்ற புலுகுரி கோட்டய்யா வழக்கு, விடுதலைக்குச் சற்று முன்னரே இதன் எல்லையைத் தெளிவாக வரைந்துவிட்டது: "என் வீட்டுக் கூரையில் கத்தியை ஒளித்து வைத்திருக்கிறேன்" என்பது ஏற்கத்தக்கது, "அதைக் கொண்டுதான் குத்தினேன்" என்பது ஏற்கத்தக்கதன்று. வீட்டில் கத்தி இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே நிறுவப்படுகின்றது, கொலை நிறுவப்படுவதில்லை.

ஆனால் நடைமுறையில் நிகழ்வது என்ன? உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் 2010 ஜனவரியில் ஒரு தாயும் நான்கு குழந்தைகளும் கொல்லப்பட்டனர். கணவர் மீது வழக்கு, மரண தண்டனை, உயர் நீதிமன்றத்தின் உறுதி. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த இராமானந்த் வழக்கில் அவரை விடுவித்தது. ஆயுதம் கைப்பற்றப்பட்டது எப்படி என்பதைத் தீர்ப்பு அலசுகின்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர் சொன்னதாகக் கூறப்படும் சொற்களே முறையாகப் பதிவு செய்யப்படவில்லை. அவர் என்ன சொன்னார் என்பதே தெரியாதபோது, சொன்னதன் விளைவாகக் கிடைத்தது என்று எப்படி முடிவு செய்வது? இதைத் "தொழில்நுட்பம்" என்று அழைப்பவர்கள், மூல ஆவணமே இல்லாத மேற்கோளைத் தம் மாணவரின் ஆய்வேட்டில் ஏற்பார்களா?

மூன்றாவது, ஆய்வகம். மரபணுச் சோதனை என்றதும் நமக்கு ஒருவகைப் பக்தி வந்துவிடுகின்றது. 2012 பிப்ரவரியில் தில்லியின் சாவ்லா பகுதியில் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட இளம்பெண்ணின் வழக்கில் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூவரையும் விடுவித்தபோது நாடே கொதித்தது. தீர்ப்பை முழுமையாக வாசித்தவர் எத்தனை பேர்? ஆய்வுக்கு அனுப்பப்படுமுன் மாதிரிகள் பத்து நாளுக்கும் மேலாகக் காவல் நிலையப் பொருளறையில் கிடந்தன. முக்கியச் சாட்சிகள் பத்துப் பேர் குறுக்கு விசாரணையே செய்யப்படவில்லை. 2011 மே மாதம் தேனி மாவட்டம் சுருளி அருவியருகே இளம் இணையர் இருவர் கொல்லப்பட்ட வழக்கிலும் இதே கதைதான். மரண தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் விடுவித்த உச்ச நீதிமன்றம், மரபணுச் சான்று கையாளப்பட்ட விதத்தைக் கடுமையாகக் குறைகூறி, நாடு முழுமைக்கும் நெறிமுறை வகுத்தது: மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தைச் சேர வேண்டும்; முத்திரையிட்ட உறையை நீதிமன்ற அனுமதியின்றித் திறக்கக் கூடாது; யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது என்பதற்குத் தனிப் பதிவேடு இருக்க வேண்டும். மரபணு பொய் சொல்லாது; ஆனால் உறைக்குள் இருப்பது யாருடைய மரபணு என்பதை அந்தப் பதிவேடுதான் சொல்லும்.

கிடைத்த சான்று மட்டுமன்றி, கொண்டுவரப்படாத சான்றும் கதை சொல்லும். வாராணசி விடுதியொன்றில் 2010-இல் தம் நண்பர் இறந்ததற்காக இத்தாலியர் இருவர் ஆயுள் தண்டனை பெற்றனர். விடுதியில் கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. அந்த அறைக்குள் வேறெவரும் நுழைந்தார்களா என்ற ஒற்றைக் கேள்விக்கு விடை தரக்கூடிய பதிவு நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படவே இல்லை. 2015-இல் நீதிபதி ஆர். பானுமதி எழுதிய தீர்ப்பு, மிகச் சிறந்த சான்றைத் தராமல் விட்டதை அரசுத் தரப்புக்கு எதிராகவே கொண்டு இருவரையும் விடுவித்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இதையெல்லாம் விளக்கத் தீர்ப்புத் தொகுதிகள்கூட வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலன் மீதான வழக்கு முற்றிலும் ஒரு கைப்பற்றல் வழக்கு. அரசியின் சிலம்பு காணவில்லை. அதை ஒத்த சிலம்பொன்று ஊருக்குப் புதியவன் ஒருவன் கையில் இருக்கின்றது. அவன் அதை விற்க முயல்கின்றான். பொற்கொல்லன் இந்தச் சூழ்நிலைகளை அழகாகக் கோத்துத் தந்தான். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று காவலர் தயங்கியபோது, களவு நூல் சொல்லும் எட்டு வழிகளை எடுத்துரைத்து அந்தத் தயக்கத்தையும் போக்கினான். அக்காலத்து வல்லுநர் சாட்சியம் அது! வழக்கில் நிறுவப்படாதிருந்தது ஒன்றே ஒன்று: இது அரசியின் சிலம்புதானா? அதை அறியும் சோதனை மிக எளியது. கண்ணகி அவையில் சிலம்பை உடைத்தாள்; அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துகள், இதிலிருந்து தெறித்ததோ மாணிக்கம். பரலைப் பார்ப்பதைத் தொழில்நுட்பக் காரணம் என்று பாண்டியன் சொல்லவில்லை. அவன் தன் உயிரையே விட்டான்.

நம் காலத்திலும் ஒரு கொலுசு வழக்கு உண்டு. 2003-இல் அகமதாபாத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். அவள் அணிந்திருந்த கொலுசுகள் நகைக்கடையொன்றில் அடகு வைக்கப்பட்டதாக அரசுத் தரப்பு கூறியது. கொலுசுகளையும் கடையையும் குற்றஞ்சாட்டப்பட்டவரையும் இணைக்கும் கண்ணியை அதனால் நிறுவ முடியவில்லை. விசாரணை நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கிஷன்பாய் வழக்கு என்று அறியப்படும் அத்தீர்ப்பில், கனத்த மனத்துடன் விடுதலையை உறுதி செய்தது. அதோடு நிற்கவில்லை. புலனாய்வாளரும் அரசு வழக்கறிஞரும் செய்யத் தவறியவற்றை வரிசையாகப் பட்டியலிட்டது. வழக்கொன்று விடுதலையில் முடியும்போதெல்லாம் அதற்கான காரணத்தை ஆராய்ந்து, தவறிழைத்த அதிகாரிகள் மீது துறை நடவடிக்கை எடுக்க ஒவ்வொரு மாநிலமும் நிலைக்குழு அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. அந்தக் குழு உங்கள் மாநிலத்தில் எத்தனை முறை கூடியது என்று கேட்டு எழுதப்பட்ட பதிவு ஒன்றையேனும் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. நீதிபதியை ஏசும் பதிவுகளை நாள்தோறும் பார்க்கிறேன்.

எனக்கு எதிராக இரண்டு வாதங்கள் எழும் என்பதை அறிவேன்.

முதலாவது: "அளவுகோலை இவ்வளவு உயர்த்தினால் குற்றவாளிகள் எல்லாரும் தப்பிவிடுவார்கள்." இக்கவலை நியாயமானது. 1973-இல் சிவாஜி சகாப்ராவ் போப்டே வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யரே இதைச் சொல்லியிருக்கிறார்: குற்றவாளியை விடுவிப்பதும் நீதி பிறழ்வுதான், கற்பனை ஐயங்களை வளர்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் அதே தீர்ப்புதான், "செய்திருக்கலாம்" என்பதற்கும் "செய்திருக்க வேண்டும்" என்பதற்கும் இடையிலான தொலைவு மிக நீண்டது என்றும் நினைவூட்டியது. அந்தத் தொலைவைக் கடக்க வேண்டியது புலனாய்வு. அது நடக்க மறுக்கும்போது, தொலைவைக் குறைத்துக் காட்டுமாறு நீதிமன்றத்தைக் கேட்பது எந்த வகையில் நியாயம்?

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. பெண்ணிய ஆய்வாளர்கள் எழுப்புவது. வீட்டின் நான்கு சுவருக்குள் மனைவி கொல்லப்படும்போது சாட்சி எங்கிருந்து வரும்? கண்டிப்பான அளவுகோல் கணவர்களுக்கே காப்பாகிவிடாதா? இதற்குச் சட்டத்திலேயே விடை உண்டு. ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய செய்தியை அவரே விளக்க வேண்டும் என்கின்றது பழைய 106-ஆம் பிரிவு, இன்றைய 109. 2006-இல் திரிமுக் மாருதி கிர்கன் வழக்கில், வீட்டுக்குள் நிகழ்ந்த கொலையில் உடனிருந்த கணவர் விளக்கம் தராமல் மௌனம் காப்பதும் பொய் விளக்கம் தருவதும் சங்கிலியில் கூடுதல் கண்ணியாகும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் கூடுதல் கண்ணி என்றால் ஏற்கெனவே சங்கிலி இருக்க வேண்டும். மரணம் கொலைதான் என்பதையும், அவ்வேளையில் அவர் அங்கிருந்தார் என்பதையும் அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும். 1956-இல் சம்பு நாத் மெஹ்ரா வழக்கிலேயே இது தீர்க்கப்பட்டுவிட்டது. அந்த முதற்படிக்குத் தேவை உடனடியான பிரேதப் பரிசோதனையும், சிதைக்கப்படாத நிகழ்விடமும், அக்கம்பக்கத்தாரின் காலந்தாழாத வாக்குமூலமும். கொல்லப்பட்ட பெண்களுக்கு நீதி வேண்டுவோர் போராட வேண்டியது இவற்றுக்காக. தளர்ந்த அளவுகோல் அவர்களுக்கு உதவாது. மேல்முறையீட்டில் உடையப்போகும் தீர்ப்பையே அது தரும்.

இந்தத் தளர்ச்சிக்கு விலை கொடுப்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு 2016-இல் வெளியிட்ட அறிக்கை, மரண தண்டனைக் கைதிகளில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று காட்டியது. கைப்பற்றல் மகஜரைக் கேள்வி கேட்கவும், ஆய்வக அறிக்கையை எதிர்க்கவும் நல்ல வழக்கறிஞர் வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் வேண்டும். பணமுள்ளவர் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் முதல் நீதிமன்றத்திலேயே தட்டிப் பார்க்கிறார். இல்லாதவர் உச்ச நீதிமன்றம் தட்டிப் பார்க்கும் நாள்வரை, பத்தோ பன்னிரண்டோ ஆண்டுகள், சிறையில் காத்திருக்கிறார். தவறான வழக்கால் வாழ்விழந்தோர்க்கு இழப்பீடு தரச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 277-ஆம் அறிக்கையில் 2018-இலேயே பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.

இறந்தவரின் குடும்பத்தின் நிலையோ இன்னும் கொடியது. "குற்றவாளி கிடைத்துவிட்டான்" என்று அரசு அவர்களிடம் சொன்னது. பத்தாண்டு கழித்து, "இல்லை" என்கின்றது. அதற்குள் நிகழ்விடம் மாறிவிட்டது, சாட்சிகள் மறந்துவிட்டார்கள், உண்மையான கொலையாளி வேறொருவராக இருந்தால் அவரை இனித் தேடுவாரும் இல்லை. விடுதலைத் தீர்ப்பு அவர்களிடமிருந்து நீதியைப் பறித்தது என்கிறோம். அது பறிபோனது கைது நடந்த முதல் வாரத்தில்.

புதிய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176-ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் நிகழ்விடத்துக்கு வந்தாக வேண்டும் என்கின்றது. அதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசமும் தருகின்றது. 105-ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் காணொளியாகப் பதிவு செய்யச் சொல்கின்றது. நம் பல்கலைக்கழகங்களில் சட்டத் துறையும் தடய அறிவியல் துறையும் சமூகவியல் துறையும் இருக்கின்றன. நம் மாவட்டத்து அமர்வு நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்து, எத்தனை வழக்குகளில் கைப்பற்றலின்போது வாக்குமூலம் அவர் சொன்ன சொற்களிலேயே பதிவானது, எத்தனை வழக்குகளில் மாதிரிகள் உரிய நாளில் ஆய்வகத்தைச் சேர்ந்தன என்று எண்ணிப் பார்க்க ஓர் ஆய்வு மாணவருக்கு ஓராண்டு போதும். தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. செய்ய வேண்டியது நம் வேலை, நாம் செய்யவில்லை.

அன்று தேநீர் இடைவேளையில் பேசிய பேராசிரியருக்கும் தலையசைத்த நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுதலைச் செய்தி வரும்போது, எழுதுமுன் தீர்ப்பைத் தேடி வாசியுங்கள். எந்தக் கண்ணி அறுந்தது, அதைச் செய்ய வேண்டியவர் யார், என்று செய்தார், ஏன் செய்யவில்லை என்று எழுதுங்கள். அதன் பிறகும் அது தொழில்நுட்பக் காரணம்தான் என்று உங்களுக்குத் தோன்றினால், வாருங்கள், விவாதிப்போம்.